பில்லைப் பார்த்துப் பேனல் போடுங்கள்
வீட்டு மாடி சோலார்: வாசகர் கேள்வி – பதில்

வாசகர், மதுரை: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 800 யூனிட் ஓடுகிறது. கோடையில் 1,000 வரை போகும். மாடியில் இடம் நிறைய இருப்பதால் 5 கிலோவாட் போட்டுவிடுங்கள் என்று பேனல் போடுபவர் சொல்கிறார். எவ்வளவு போட்டால் சரியாக இருக்கும்?

பதில்: 3 கிலோவாட் போதும். மாடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் எடுக்க வேண்டியது கடந்த ஒரு வருடத்து பில், அதாவது ஆறு பில்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். மாசி, பங்குனியில் 5 யூனிட் வரை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 2 யூனிட்டுக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. 60 நாள் பில்லுக்கு 1 கிலோவாட் என்றால் 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டணம். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, 500 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டுக்கு முதல் 100 இலவசம். 101 முதல் 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50. 500-க்குள் அடங்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை 2.35 ரூபாய்தான். கட்டணம் மாறினால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அதுவேதான்.

உங்கள் 800 யூனிட்டுக்கு பில் 4,770 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 320 நிற்கும். பில் 799 ரூபாய். ஒரே வீச்சில் 3,971 ரூபாய் மிச்சம். மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் 720 யூனிட் கழிந்து 80 மட்டும் நிற்கும், அது இலவச 100-க்குள் போய்விடும். ஆனால் இந்த மூன்றாவது கிலோவாட் தனியாக மிச்சப்படுத்தியது 799 ரூபாய்தான். முதல் இரண்டு கிலோவாட் விலை உயர்ந்த மேல்தட்டு யூனிட்டுகளை வெட்டுகிறது. மூன்றாவது, மலிவான அடித்தட்டு யூனிட்டுகளை வெட்டுகிறது. நாலாவதும் ஐந்தாவதும் வெட்ட இந்தச் சராசரி பில்லில் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் 2 கிலோவாட்டோடு நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். கோடை பில்லைப் பாருங்கள். 1,000 யூனிட் ஓடும்போது 2 கிலோவாட் கழித்தால் 520 நிற்கும். 500-ஐத் தாண்டிவிட்டதால் 2.35 ரூபாய்ச் சலுகையும் கைவிட்டுப் போய் பில் 2,208 ரூபாய் வரும். 3 கிலோவாட் இருந்தால் 280 யூனிட். பில் 611 ரூபாய். அந்த ஒரு பில்லில் மட்டும் சுமார் 1,600 ரூபாய் வித்தியாசம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியமும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 என 78,000 ரூபாயோடு முடிந்துவிடுகிறது. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். மீதி முழுவதும் உங்கள் கைக்காசு.

மிஞ்சுகிற கரண்டை இ.பி.க்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்றுமதியாகும் யூனிட் உங்கள் கணக்கில் வரவாக நின்று அடுத்த பில்லில் கழியும்; அதற்காகத்தான் நெட் மீட்டர். வருடம் முழுக்க மிஞ்சிக்கொண்டே இருந்தால் அதனால் பெரிய வருமானம் எதுவும் வராது. நெட்வொர்க் கட்டணம் போன்றவற்றை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் பில்லில் வந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

5 கிலோவாட்டுக்கு நியாயம் சொல்லக்கூடிய நிலைமை ஒன்று உண்டு. அடுத்த ஓரிரு வருடத்தில் இரண்டாவது ஏசி, மின்சார கார் என்று வாங்கப்போவது உறுதியானால் யோசிக்கலாம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு முழுக்க ஓடினால் 6 முதல் 8 யூனிட்; மின்சார ஸ்கூட்டரை முழுதாகச் சார்ஜ் செய்ய 3, 4 யூனிட். இவற்றை 60-ஆல் பெருக்கி இன்றைய பில்லோடு கூட்டிப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 350 யூனிட்டுக்குள் முடித்துவிடும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பில் 940 ரூபாய்தான். 1 கிலோவாட் போட்டு மானியம் போக 45,000 ரூபாய் செலவானால், அது திரும்பிவர எட்டு வருடம் பிடிக்கும். பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு 28 முதல் 35 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டுவது அதைவிட முந்திப் பலன் தரும்.

வாசகி, செங்கல்பட்டு: மாடியின் தெற்குப் பக்கம் படிக்கட்டு அறை, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. மொத்தம் 12 அடி உயரம் இருக்கும். மீதி இடம் காலிதான். 6 பேனல் வைக்க முடியுமா? எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

பதில்: 6 பேனலுக்கு இடம் கிடைக்கும். எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. ஆறும் சேர்ந்து 3,240 வாட். பேனல் மட்டும் அடைக்கும் இடம் 167 சதுர அடி. நடக்க, துடைக்க, சரிபார்க்க வழி விட்டால் 250 சதுர அடி ஒதுக்குங்கள்.

நிழலைக் கணக்கிட மார்கழியை எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 21 அன்று சூரியன் தெற்கே மிகத் தாழ்ந்து நிற்கும்; சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் நடுப்பகலில்கூட 54 டிகிரிக்கு மேல் ஏறாது. காலை 9 முதல் மாலை 3 வரை பேனல் மேல் நிழல் விழக் கூடாது என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்: தடுப்பு தெற்கே இருந்தால், அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வடக்கே தள்ளுங்கள். கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் உயரத்தில் ஒன்றேகால் பங்கு. வடக்கே இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். உயரத்தைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, பேனலின் தாழ்ந்த விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும்.

உங்கள் பேனல் 2 அடி உயரக் கால்களில் நின்றால், தொட்டி அதைவிட 10 அடி உயரம். ஆக வடக்கே 10 அடி, பக்கவாட்டில் பன்னிரண்டரை அடி விட்டு வையுங்கள். இடம் போதவில்லை என்றால் படிக்கட்டு அறைக்குத் தெற்கே ஏதாவது பரப்பு இருக்கிறதா பாருங்கள். தடுப்பு வடக்கே இருக்கும்படி பேனலைத் தெற்கே கொண்டுபோவதுதான் நம் ஊரில் மிகச் சௌகரியமான அமைப்பு. அதுவும் முடியாவிட்டால் தொட்டியை வடக்கு மூலைக்கு மாற்றும் செலவை விசாரியுங்கள். 25 வருடம் நிற்கப்போகிற பேனலுக்காகத் தொட்டியை நகர்த்துவது நஷ்டமே இல்லை.

கைப்பிடிச் சுவர், டிஷ் ஆண்டெனா, துணி உலர்த்தும் கம்பி, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாமே இதில் சேர்த்தி. ஒல்லியான குழாயின் நிழல்தானே என்று விட்டுவிடக் கூடாது. பேனலுக்குள் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் நிழலில் மாட்டினால் அந்த வரிசையே திணறும். பின்பக்கம் உள்ள பைபாஸ் டயோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுவதால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி அந்நேரத்துக்குப் போகும். தினமும் அதே இடத்தில் நிழல் விழுந்தால் அந்தச் செல் சூடாகிச் சூடாகி வருடங்களில் பழுப்பேறிவிடும். தென்னை மட்டையின் நிழலைத் தவிர்க்கவே முடியாத வீட்டுக்கு, ஒரு பேனலின் நிழல் மற்றவற்றை இழுக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடவிடும் மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ பேனலுக்கு ஒன்றாக மாட்டலாம். நிழல் இல்லாத மாடியில் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

இரண்டு வரிசையாக வைப்பதானால் நடுவில் 2 அடி விடுங்கள். 12 டிகிரி சாய்வில் பேனலின் பின்விளிம்பு ஒன்றரை அடிதான் உயரும் என்பதால் நிழலுக்கு அதுவே போதும், ஆள் நடக்கவும் வழி கிடைக்கும்.

வாசகர், கோவை: மோனோ பெர்க், டாப்கான், பைஃபேஷியல், டி.சி.ஆர். என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: நான்கும் ஒரே வகைப் பெயர்கள் இல்லை. மோனோ பெர்க்கும் டாப்கானும் செல் செய்யும் முறைகள். பைஃபேஷியல் என்றால் இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்குவது. டி.சி.ஆர். என்றால் செல்லும் பேனலும் இந்தியாவிலேயே தயாரானது. மானியம் வேண்டுமானால் டி.சி.ஆர். கட்டாயம். வெளிநாட்டுச் செல் போட்ட பேனல் விலை குறைவாக இருக்கும், ஆனால் அதைப் போட்டு மானியம் கேட்க முடியாது. ஆகவே 3 கிலோவாட்டுக்கு வரும் இரண்டு விலைப்பட்டியல்களில் ஒன்று மட்டும் ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பெர்க்கா டாப்கானா என்பதற்கு வெயிலே பதில் சொல்லும். பேனல் மேல் எழுதியிருக்கும் 540 வாட் என்பது செல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது வருவது. நம் ஊர் மதியத்தில் செல் 65 டிகிரிக்குப் போகும். பெர்க் ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.30. அந்த 40 டிகிரி ஏற்றத்தில் பெர்க் 14 சதவீதமும் டாப்கான் 12 சதவீதமும் குறையும். 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 14 யூனிட்தான் வித்தியாசம். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் டாப்கான் எடுங்கள். பத்தாயிரம் அதிகம் என்றால் தேவையில்லை. இதைவிடப் பெரிய வித்தியாசத்தைப் பேனலுக்கு அடியில் காற்றோட்டம் கொடுத்தே கொண்டுவரலாம். தகரக் கூரையோடு ஒட்டினாற்போலப் பேனலைப் பதித்தால் எந்த வகைச் செல்லும் வாடித்தான் போகும்.

பைஃபேஷியல், மாடியில் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதித்து, பேனலை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் கொஞ்சம் கூடுதலாகத் தரும். சிவப்புத் தட்டோட்டின் மேல் 2 அடி உயரத்தில் வைத்தால் பின்பக்கத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் சொற்பம்.

விலைப்பட்டியலில் பேனலின் மாடல் எண், வாட், பேனல் தரும் டி.சி. கரண்டை வீட்டுக்கான ஏ.சி. கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் மாடல் எண், கேபிள் அளவு, ஸ்டாண்டின் துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான், எர்த் எத்தனை, இடிதாங்கி உண்டா, நெட் மீட்டர் கட்டணம் யாருடையது, ஐந்து வருடப் பராமரிப்பு எழுத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தனித்தனியாக வர வேண்டும். ‘3 கிலோவாட் முழு செட்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேனல் இறங்கிய அன்றே ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். மேலே மாட்டிய பிறகு பின்பக்கம் எட்டிப் பார்ப்பது கஷ்டம்.

வாசகர், ஈரோடு: எங்கள் மாடி கிழக்கு மேற்காகத்தான் நீளம். தெற்கு பார்த்தே வைக்க வேண்டுமா?

பதில்: தெற்கு நல்லது. ஆனால் சாய்வு 10 டிகிரிதான் என்றால் கிழக்கோ மேற்கோ பார்த்து வைப்பதால் ஆண்டு உற்பத்தியில் சில சதவீதமே குறையும். வடக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாதி கிழக்கு, பாதி மேற்கு என்று வைத்தால் இரண்டையும் ஒரே சரத்தில் கோக்கக் கூடாது. இன்வெர்ட்டரில் இரண்டு எம்.பி.பி.டி. உள்ளீடு (ஒரு சரத்திலிருந்து கிடைக்கும் அதிகபட்ச கரண்டைத் தேடி எடுப்பது) இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை. சாய்வைக் கூட்டினால் அதிகம் வரும் என்று 25 டிகிரி வைப்பவர்கள் உண்டு. அது வட இந்தியாவுக்குச் சரி. நம் ஊரில் சித்திரை பாதியிலிருந்து ஆவணி தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலும் வடக்கேயும்தான் இருக்கும். 10 முதல் 13 டிகிரி போதும். 10-க்குக் கீழே போனால் மழைத் தண்ணீர் வழியாமல் கீழ் விளிம்பில் சேறு படியும்.

வாசகி, திருவான்மியூர், சென்னை: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. வர்தா புயலை நினைத்தால் பயமாக இருக்கிறது. பேனல் தாங்குமா?

பதில்: பேனல் தாங்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்டாண்டும் போல்ட்டும் தாங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால் மதுரையில் நின்ற ஸ்டாண்டை அப்படியே சென்னையில் நிறுத்த முடியாது. 50 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வருகிறது. அதில் பாதிதான் மேல்நோக்கி இழுக்கிறது என்று வைத்தாலும், 28 கிலோ பேனலைக் காற்று 190 கிலோ விசையோடு தூக்கப் பார்க்கும். செங்கல்லையும் சிமென்ட் கட்டியையும் காலில் வைத்து நிறுத்திவிட்டுப் போகும் வேலை உங்கள் வீட்டுக்கு ஆகாது.

கால்களைக் கான்கிரீட் தளத்தில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டு இறுக்கும் போல்ட்) போட்டுப் பிடிக்க வேண்டும். அல்லது தளத்தின் கம்பியோடு சேர்த்து கான்கிரீட் பீடம் கட்ட வேண்டும். துளையிட்ட இடத்தைச் சுற்றி அன்றைக்கே வாட்டர் புரூஃபிங் பூசச் சொல்லுங்கள். தட்டோட்டில் ஓட்டை போட்டுவிட்டு சிமென்ட் பால் ஊற்றி மூடினால் அடுத்த மழைக்கு ஒழுகும். சாய்வு 10 டிகிரியைத் தாண்டாமலும், உயரம் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் இருந்தால் காற்றுப் பிடிப்பு குறையும். மாடியைப் பயன்படுத்த வேண்டும் என்று 8 அடி உயரத்தில் பந்தல் போலக் கட்டுவது அழகுதான்; கடலோரத்தில் அதற்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

உப்புக் காற்றுக்கு ஸ்டாண்டில் ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு, 80 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். வெல்டு வைத்துவிட்டு அதன்மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்குள் துரு தலைகாட்டும். அறுப்பதும் துளைப்பதும் வெல்டு வைப்பதும் பூச்சுக்கு முன்பே பட்டறையில் முடிந்திருக்க வேண்டும். நட்டு, போல்ட்டு எல்லாம் 304 தர எவர்சில்வர். பேனல் வாங்கும்போது உப்புக் காற்றுச் சோதனையான ஐ.இ.சி. 61701 சான்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் நான்கு கிளாம்ப், நீளப் பக்கத்தில் முனையிலிருந்து கால்வாசித் தூரத்தில் இருக்க வேண்டும். முனையில் மட்டும் பிடித்தால் நடுவில் அதிர்ந்து அதிர்ந்து செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். வருடாவருடம் ஐப்பசிக்கு முன் எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து ஒருமுறை இறுக்குங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரியும் இருக்கின்றன. சோலார் போட்டால் கரண்ட் போகும்போதும் வீடு ஓடும் அல்லவா?

பதில்: ஓடாது. பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் சோலார், இ.பி. கரண்ட் போன 2 விநாடிக்குள் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் நிற்கும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை.

உங்கள் பழைய இன்வெர்ட்டர் இருந்தபடியே இருக்கட்டும். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் பேட்டரியில் 1.8 யூனிட், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்குக் கிடைப்பது 0.9 யூனிட். நாலு ஃபேனும் சில எல்.இ.டி. விளக்கும் சேர்ந்து 250 வாட் என்றால் மூன்று மணி நேரம் தாராளமாக வரும். சிறு சிறு கரண்ட் வெட்டுகளுக்கு அது போதுமானது.

வயரிங்கில் ஒரு தவற்றை மட்டும் விடவே கூடாது. சோலார் இன்வெர்ட்டரின் வெளியீடு மெயின் போர்டில், மீட்டர் பக்கம்தான் சேர வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரின் வெளியீட்டு லைனில் கொடுத்துவிட்டால், கரண்ட் போன நேரத்தில் அது தரும் 230 வோல்ட்டை இ.பி. லைன் என்று நினைத்து சோலார் ஓடத் தொடங்கிவிடும். உற்பத்தியாகும் கரண்ட் போக இடமில்லாமல் பழைய இன்வெர்ட்டருக்குள்ளேயே திரும்பப் பாய்ந்து போர்டு கருகிப்போகும். வேலை முடிந்த அன்று எலக்ட்ரீஷியனை நிறுத்தி வைத்து, மெயினை அணைத்து, சோலார் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஏசியும் மோட்டாரும் கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்றால் பேனல், பேட்டரி, இ.பி. மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்குக் கூடுதல் மானியம் கிடையாது. தினம் பல மணி நேரம் கரண்ட் போகும் இடமாக இல்லாவிட்டால் அந்தச் செலவை நாங்கள் சொல்ல மாட்டோம்.

வாசகர், விருதுநகர்: 3 கிலோவாட் போட்டு ஆறு மாதம் ஆகிறது. நல்ல வெயில் நேரத்தில்தான் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. போட்டவர் கேட்டால் ‘இ.பி. பிரச்சினை’ என்கிறார்.

பதில்: பாதி அவருடைய பிரச்சினையாகவும் இருக்கலாம். இன்வெர்ட்டரின் திரையிலோ செல்போன் செயலியிலோ அந்த நேரத்துப் பிழைப் பதிவைப் பாருங்கள். கிரிட் ஓவர் வோல்டேஜ் (இ.பி. லைனில் வோல்டேஜ் எல்லை மீறியது) என்று இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

கரண்ட் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டுமானால் இன்வெர்ட்டரின் வோல்டேஜ் லைனைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். இடையில் இருக்கும் கேபிள் மெலிதாக, நீளமாக இருந்தால் இன்னும் மேலே ஏற வேண்டிவரும். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டருக்கு 30 மீட்டர் தூரம் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் ஓடினால் வயரிலேயே சுமார் 6 வோல்ட் நிற்கும். மீட்டரில் 249 இருந்தால் இன்வெர்ட்டருக்கு 255 தெரியும். 230-க்கு மேல் 10 சதவீதம், அதாவது 253-ஐ எல்லையாக வைத்துள்ள இன்வெர்ட்டர் நின்றுவிடும். பிறகு சில நிமிடம் காத்திருந்து மறுபடி சேரும். இப்படி மதிய உற்பத்தியில் கணிசமான பங்கு போய்விடும்.

மதியம் 12 மணிக்கு இரண்டு இடத்திலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் 4 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளை 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். அல்லது இன்வெர்ட்டரையே கீழே மீட்டர் பக்கம் கொண்டுவந்து, மாடியிலிருந்து டி.சி. கேபிளை இழுக்கலாம். டி.சி. பக்கம் ஓரிரு வோல்ட் குறைவதால் இன்வெர்ட்டர் நிற்காது, மொட்டை வெயிலிலிருந்து அதற்கும் விடுதலை. மீட்டரிலேயே 253-ஐத் தாண்டினால் அது உண்மையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் சமாசாரம். நேரத்தோடும் அளவோடும் மூன்று நாள் குறித்து, இ.பி. பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். இன்வெர்ட்டரின் எல்லையைத் தாமாகவே ஏற்றிவிடும் ஆட்களிடம் எச்சரிக்கை தேவை. வீட்டுக்குள் 265 வோல்ட் ஓடினால் ஃபிரிட்ஜும் டி.வி.யும் அதைத் தாங்க வேண்டுமே.

வாசகர், காரைக்குடி: எங்களுடையது தேக்கு விட்டமும் செங்கல்லும் வைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. பேனல் வைக்கலாமா?

பதில்: தளத்தில் துளையிட வேண்டாம், அதன் நடுவில் பாரமும் ஏற்ற வேண்டாம். சுவருக்குச் சுவர் இரும்பு உத்திரம் போட்டு, சுமை முழுவதும் சுவரில் இறங்கும்படி ஸ்டாண்டு அமைக்க முடியும். ஸ்டாண்டோடு சேர்த்து 6 பேனல் 300 கிலோவுக்குக் குறையாது. அதற்கு முன் விட்டங்களில் கரையான், உளுப்பு இருக்கிறதா என்று தச்சரை வைத்துத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முற்றத்தை ஒட்டியோ கொல்லையிலோ தரையில் நிறுத்துவதே நல்லது.

வாசகி, திண்டுக்கல்: இ.பி. இணைப்பு காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. மானியம் கிடைக்குமா?

பதில்: முதலில் பெயரை மாற்றிவிடுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றோடு இ.பி. அலுவலகத்தில் கொடுத்தால் பெயர் மாறும். மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. இணைப்பு ஒருவர் பெயர், கணக்கு இன்னொருவர் பெயர் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

பெயர் மாறியதும் சூர்ய கர் தேசிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-லேயே விதி மாறிவிட்டது. பேனல் பொருத்தி முடித்து, நெட் மீட்டர் மாட்டி, இ.பி. சோதித்துச் சான்று ஏறிய பிறகுதான் மானியம். ஆகவே முழுத் தொகையையும் முதலில் கையிலோ வங்கிக் கடனிலோ ஏற்பாடு செய்ய வேண்டும். பணத்தில் ஒரு பங்கை, குறைந்தது பத்தாயிரம் ரூபாயையாவது, நெட் மீட்டர் ஓடத் தொடங்கும் வரை நிறுத்தி வையுங்கள். பேனல் மாடியில் ஏறிவிட்டால் காகித வேலைக்கு ஆள் வருவது சுணங்கும். நெட் மீட்டர் வருமுன் ஆன் செய்துவிடவும் வேண்டாம். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் யூனிட்டையும் உபயோகமாகக் கூட்டிவிடும்.

வாசகர், ராமநாதபுரம்: போர் தண்ணீரில் கழுவினால் பேனல் மேல் வெள்ளையாகப் படிகிறது. சோப்பு போட்டும் போகவில்லை.

பதில்: அது சுண்ணாம்பு உப்பு. தேய்த்து எடுக்கப் பார்த்தால் கண்ணாடியின் மேல்பூச்சு கீறிவிடும். ஸ்காட்ச் பிரைட், சாம்பல், சோப்புத் தூள் எதுவும் வேண்டாம். வெள்ளை வினிகரைப் பத்து மடங்கு நல்ல தண்ணீரில் கலந்து, மெல்லிய துணியால் ஒற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு நல்ல தண்ணீரால் அலசுங்கள். அலுமினியச் சட்டத்தில் அது தேங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் கழுவ மழைநீரையோ குடிதண்ணீரையோ பயன்படுத்துங்கள். 6 பேனலுக்கு இரண்டு வாளி போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தொடாதீர்கள். போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால் கழுவிய கையோடு ரப்பர் வைப்பரால் முழுதாக வழித்துவிடுங்கள். காயவிட்டால்தான் உப்பு படியும். வெயில் ஏறுவதற்கு முன் காலை 7 மணிக்குள் முடியுங்கள். சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட இடமுண்டு. உங்கள் பக்கத்துப் புழுதிக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவலாம், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். கழுவும்போது பேனல் மேல் ஏறி நிற்காதீர்கள்; நீளக் கம்பு வைத்த வைப்பரை ஓரத்தில் நின்றே இழுங்கள்.